ஜன்னலோரம் வைத்த பந்து

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, லெஸ்டர் ஹானக் தன் வீட்டு முன்னறை ஜன்னலருகே நின்றுகொண்டு, பந்தின் மேல் இருந்த கையெழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

பந்து இருந்தது. அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிப் பெட்டி இருந்தது. பெட்டிக்குக் கீழே அவரே டைப் அடித்து ஒட்டிய சீட்டும் இருந்தது: 'பக் டோலிவர், மாரிங்டன் மெக்கானிக்ஸ், 1957. கையெழுத்து அசல்.' கையெழுத்து மட்டும்தான் இல்லை.

"நடீன்! என் கண்ணாடியை எங்கே வெச்சே?"

"உன் மூக்கு மேல," என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். உருப்பெருக்கி லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். டோலிவர் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் டோலிவர் என்று தெரிந்தது. நினைத்துக்கொள்ளாமல் பார்த்தால் யாரோ மாட்டுத்தோலில் லேசாகத் தும்மியது போலத் தெரிந்தது.

லெஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காரணம் இருந்தது. மாரிங்டன் ஊர் பேஸ்பால் குழுவான மெக்கானிக்ஸ் தன் வரலாற்றிலேயே ஒரே ஒரு கோப்பைதான் வென்றது. அது 1957-இல், பக் டோலிவர் கடைசிப் பந்தை மைதானத்துக்கு வெளியே விளாசிய ஹோம் ரன்னால் கிடைத்தது. டோலிவர் கையெழுத்திட்ட பந்துகள் உலகில் மொத்தம் பதினொன்று என்று கணக்கு. அதில் ஒன்று இருபத்திரண்டு வருடங்களாக லெஸ்டரிடம் இருந்தது. சனிக்கிழமை ஊர் நூலகத்தில் அந்தக் கோப்பையைப் பற்றிய கண்காட்சி. சுவரொட்டியில் நடுநாயகமாக இருப்பது அந்தப் பந்தின் படம். அதற்குச் சற்று மேலே, ஒரு கையில் மட்டையும் மறு கையில் தூண்டிலுமாக இளிக்கும் டோலிவரின் படம்.

வெயில் பட்டால் மை மங்கும் என்பது லெஸ்டருக்குத் தெரியாதா? தெரியாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மாரிங்டன் பேஸ்பால் பழம்பொருள் வட்டத்தின் தலைவர் அவர்தான். சென்ற மாதம்தான் தீயணைப்பு நிலையத்தின் பின்கூடத்தில் 'வெயில்: கையெழுத்தின் முதல் எதிரி' என்று முக்கால் மணி நேரம் படம் போட்டுப் பேசினார். "பந்தை ஜன்னலில் வைக்கிறவன், குழந்தையைக் கார்க் கூரைமேல் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறவன்," என்று அவர் சொன்னபோது வட்டத்தின் மற்ற ஆறு உறுப்பினர்களும் கைதட்டினார்கள்.

தலைவரோடு சேர்த்து எட்டு உறுப்பினர்கள் இருந்திருக்க வேண்டும். எட்டாவது ஆள் ரூடி ஸ்டோக்ஸ்.

ரூடி கார்களுக்குப் புகைக்குழாய் மாட்டும் கடை வைத்திருப்பவர். முப்பது வருட நண்பர். மழையில் மேட்ச் நின்றுபோன நாட்களில் இருவரும் ஒரே பிளாஸ்டிக் உறையைத் தலையில் போட்டுக்கொண்டு ஹாட் டாக் தின்றிருக்கிறார்கள். போன வருடம் ரூடி எங்கிருந்தோ ஒரு டோலிவர் பந்தைக் கண்டுபிடித்து, குழந்தை பிறந்தவர் போல் சிரித்துக்கொண்டு கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். லெஸ்டர் லென்ஸை வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"போலி. கடைசி எழுத்தோட வால் நடுங்குது பாரு. டோலிவருக்கு இரும்புக் கை. நடுங்கவே நடுங்காது."

வட்டத்தின் முதல் விதிப்படி, போலி வைத்திருப்பவர் விலக வேண்டும். விதியை எழுதியவரும் லெஸ்டர்தான். ரூடி எழுந்து போனார். அன்றிலிருந்து 'டேய் லெஸ்டர்' போய், 'மிஸ்டர் ஹானக்' வந்தது. அந்த 'மிஸ்டர்' தன்னை இவ்வளவு உறுத்தும் என்று லெஸ்டர் எதிர்பார்க்கவில்லை. உறுத்தியதை ஒப்புக்கொள்ள மனம் வராமல், ரூடி தினமும் கடைக்குப் போகும் வழியில் பார்த்துப் புழுங்கட்டும் என்று தன் பந்தை எடுத்துத் தெருவைப் பார்த்த ஜன்னலில் வைத்தார், கையெழுத்து வெளிப்பக்கம் தெரியும்படியாக.

ஆக, ரூடியைப் பொசுக்க வைத்த வெயிலில் டோலிவர் பொசுங்கிப்போனார்.

"கொஞ்சம்தான். லேசா ஒரு கோடு," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, நடீன் மளிகைப் பட்டியல் எழுதும் பேனாவை எடுத்தார் லெஸ்டர். மங்கிய கையெழுத்தின் மேல் மை ஓட்டுவதைக் கொலைக்கு அடுத்த குற்றமாக அவரே பலமுறை வர்ணித்திருக்கிறார். ஆனாலும் ஒரே ஒரு எழுத்தின் வால்தானே. வாலை ஓட்டியதும் மற்ற எழுத்துகள் இன்னும் மங்கலாகத் தெரிந்தன. அவற்றையும் ஓட்டினார்.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். கையெழுத்து பளபளவென்று, நேற்றுப் பிறந்த நீலத்தில் மின்னியது. அரை மைல் தள்ளி இருக்கும் மாட்டுக்குக்கூட அது புதுசு என்று தெரியும்.

பளபளப்பைக் குறைக்கப் பழைய ஆட்கள் ஒரு வழி சொல்வார்கள். தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைத் தூர நின்று ஒரு தடவை அடித்தால் மை அடங்கும். லெஸ்டர் பதற்றத்தில் கிட்ட நின்று மூன்று தடவை அடித்தார். மை அடங்கவில்லை, கிளம்பியது. டோலிவரின் பெயர் தையலைத் தாண்டி வழிந்தது.

"என் ஸ்ப்ரேயை வெச்சுக்கிட்டு என்ன பண்றே?" வாசற்படியில் நடீன்.

"தலைக்குத்தான்."

நடீன் அவருடைய தலையைப் பார்த்தாள். அங்கே ஸ்ப்ரே அடிக்கும்படியாக ஒன்றும் இருந்து பத்து வருடம் ஆகிறது. அப்படியே திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள். முப்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் கற்றுக்கொண்ட கலை அது.

வழிந்ததைத் துடைக்க அவருக்குத் தெரிந்த அடுத்த வழி ரொட்டி. வெள்ளை ரொட்டியின் நடுப்பகுதியை உருட்டி மெதுவாகத் தேய்த்தால் அழுக்கு மட்டும் வரும் என்பார்கள். தேய்த்தார். ரொட்டி நன்றாகவே வேலை செய்தது. அழுக்கு வந்தது, ஸ்ப்ரே வந்தது, புது மை வந்தது, அதன் கூடவே அறுபது வருடத்துப் பழைய மையும் வந்தது. பந்து மழித்த கன்னம் போல் ஆனது. டோலிவர் இப்போது ரொட்டியில் இருந்தார். அந்த நீல உருண்டையைக் குப்பையில் போட லெஸ்டருக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி வாங்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நூலகத்து கொரின் வாசெக்.

"மிஸ்டர் ஹானக், ஒரு நல்ல சேதி! ஆர்வில் டக்கட் வர்றேன்னு சொல்லிட்டார். தெரியுமில்ல, அந்தக் காலத்துல மெக்கானிக்ஸ் குழுவுக்குச் சட்டை துவைச்சு, மட்டை துடைச்சு, எல்லா எடுபிடியும் பார்த்தவர். எண்பத்தாறு வயசு. அந்தக் குழுவுல உயிரோட இருக்கிறவர் அவர் ஒருத்தர்தான்."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் லெஸ்டர், ரொட்டி உருண்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளியபடி.

"இன்னொண்ணு. மிஸ்டர் ஸ்டோக்ஸும் தன் பந்தைத் தர்றார். ரெண்டையும் ஒரே பெட்டியில பக்கத்துல பக்கத்துல வைக்கிறேன்."

"அது போலிம்மா!"

"அப்போ பக்கத்துல அசலை வெச்சாத்தானே ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியும்?"

லெஸ்டர் போனை வைத்துவிட்டு நேராக நிலவறைக்கு இறங்கினார்.

அங்கே ஒரு அட்டைப்பெட்டியில் அதே காலத்து, அதே கம்பெனிப் பந்து ஒன்று, யாரும் கையெழுத்துப் போடாதது, பிறந்த மேனியாகக் கிடந்தது. ஒன்றே ஒன்று. பழைய மைப்புட்டியும் தொட்டு எழுதும் பேனாவும் அவர் சேகரிப்பிலேயே இருந்தன. இனி வேண்டியது கை மட்டும்தான். சர்ச்சிலிருந்து வந்த அறிக்கைத் தாள்களின் பின்பக்கத்தில், சுவரொட்டியைப் பார்த்துப் பார்த்து மத்தியானம் முழுக்க எழுதிப் பழகினார்.

மாலையில் சாப்பாட்டு மேஜைக்கு அடியிலிருந்து நடீன் அந்தத் தாள்களை எடுத்தாள்.

"பக் டோலிவர், பக் டோலிவர், பக் டோலிவர்... நாற்பத்து மூணு தடவை. ஏய் லெஸ்டர், முப்பத்தோரு வருஷத்துல என் பேரை இத்தனை தடவை எழுதியிருக்கியா நீ?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. லெஸ்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஜன்னல், வெயில், பேனா, ஸ்ப்ரே, ரொட்டி என்று வரிசையாக.

"அந்த ரொட்டி எங்கே?"

"என் சட்டைப் பையில."

நடீன் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதோ பார், பேசாம உண்மையைச் சொல்லிடு. முதல்ல ரூடிகிட்டச் சொல்லு. அவனும் சிரிச்சுட்டு விட்டுடுவான்," என்றாள்.

"அவனா? அவனை வெளியே அனுப்பின ஆள் நான். என் பந்துல ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சா ஊர் பூரா புகைக்குழாய் வெச்சு ஊதுவான்."

"உனக்குப் பந்து வேணுமா, ரூடி வேணுமா?"

லெஸ்டர் தாள்களை வாங்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். பதில் அவருக்குத் தெரியும். அதனால்தான் இறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை, புதுப்பந்துக்கு வயதேற்றும் வேலை தொடங்கியது. கட்டியான டீயில் பந்தை முக்கி எடுத்தார். நல்ல பழுப்பு வந்தது. ஆனால் நனைந்த பந்து காயவே இல்லை. நடீன் துணி உலர்த்தச் சென்ற நேரம் பார்த்து, சமையலறை ஓவன் அடுப்பின் அடித்தட்டில், ஒரு பழைய தட்டுக்குப் பின்னால் பந்தை வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்று நிலவறைக்குப் போனார். பழைய பேனாவின் முள்ளைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தவர் நேரத்தை மறந்துவிட்டார்.

நடீன் திரும்பி வந்து, அன்று சர்ச் விருந்துக்கு எடுத்துப் போக வேண்டிய டூனா மீன் போட்டுச் சுடும் கேசரோல் பதார்த்தத்தை மேல்தட்டில் வைத்து, சூட்டை முழுசாக ஏற்றி, கதவைச் சாத்தினாள்.

முக்கால் மணி நேரம் கழித்து லெஸ்டர் மூச்சிரைக்க வந்து பந்தை மீட்டார். ஆச்சரியம், பந்து பிரமாதமாக இருந்தது. அறுபது வருடம் ஆள் கை பட்ட தோல் நிறம், நுண்ணிய வெடிப்புகள், தையலில் கருமை. மூக்கருகே கொண்டுபோனபோதுதான் விஷயம் தெரிந்தது. பந்து முழுக்க மீன்.

ஜன்னலில் வைத்து ஊதினார். மறுபடி வெயில் பயம் வந்து உள்ளே எடுத்தார். நேரமில்லை. மேஜையில் உட்கார்ந்து மையைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாற்பத்து மூன்று தடவை பழகிய கையெழுத்தை நாற்பத்து நான்காவது தடவையாகப் போடத் தொடங்கினார். முதல் பாதி அச்சு அசலாக விழுந்தது.

"லெஸ்டர்ர்ர்! என் கேசரோல்ல ஏன் செருப்பு வாசனை அடிக்குது?"

கை எகிறியது. டோலிவரின் பின்பாதி, யாருக்கோ அவசரமாக எங்கோ போக வேண்டியிருந்தது போல, தையல்வரை இழுத்துக்கொண்டு ஓடி ஒரு சுழிப்பில் முடிந்தது. லெஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னொரு பந்தும் இல்லை. இன்னொரு ரொட்டிக்கும் தைரியமில்லை.

கேசரோலைப் பாஸ்டர் மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

சனிக்கிழமை நூலகத்தில் நல்ல கூட்டம். வட்டத்தின் உறுப்பினர்கள் அத்தனை பேரும் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பந்துகள். கொரின் பெட்டியைத் திறந்து சீட்டை நேராக்கும்போது மூக்கைச் சுருக்கினாள்.

"இங்கே யாராவது சாண்ட்விச் கொண்டுவந்திருக்கீங்களா?"

லெஸ்டர் சுவரொட்டியை மிகவும் ஊன்றிப் படிப்பவர் போல் திரும்பிக்கொண்டார். திரும்பிய பக்கத்தில் ரூடி நின்றிருந்தார். தலைமுடியைப் படிய வாரி, எப்போதும் இருக்கும் கிரீஸ் கறை இல்லாமல், பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் போல் இருந்தார்.

"வணக்கம், மிஸ்டர் ஹானக்."

"வணக்கம் ரூ... மிஸ்டர் ஸ்டோக்ஸ்."

"உங்க பந்து போன வாரத்தைவிட இன்னிக்கு ரொம்பப் பழசாத் தெரியுது."

"வெளிச்சம்தான் காரணம்," என்றார் லெஸ்டர். அந்த வாக்கியத்தில் பாதி உண்மை இருந்தது.

நடீன் பின்னாலிருந்து அவர் விலாவில் குத்தினாள். "சொல்லு," என்று முணுமுணுத்தாள். லெஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் கைதட்டல் எழுந்தது. ஆர்வில் டக்கட் நான்கு கால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு பேச்சுப் பேசியபடி உள்ளே வந்தார்.

"அட, அந்தப் பயலோட படமா அது? தூண்டில் இல்லாம அவன் படமே எடுக்க மாட்டான். நகருங்க தம்பிகளா, பந்தைக் காட்டுங்க."

கொரின் ரூடியின் பந்தை எடுத்துக் கொடுத்தாள். ஆர்வில் கையுறை இல்லாமல் வெறும் கட்டைவிரலால் கையெழுத்தைத் தடவியபோது, வட்டத்து உறுப்பினர்கள் எழுவரில் ஆறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளிழுத்தார்கள். ஏழாமவரான லெஸ்டருக்கு ஏற்கெனவே மூச்சில்லை.

ஆர்வில் பந்தை உருட்டிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அடேயப்பா! இது நான் போட்டதில்ல?"

"என்ன போட்டது, மிஸ்டர் டக்கட்?" என்றாள் கொரின்.

"கையெழுத்தும்மா. டோலிவர் எங்கே கையெழுத்துப் போட்டான்? மேட்ச் முடிஞ்சா ஆத்துல தூண்டிலைப் போட்டுட்டு உட்கார்ந்துடுவான். மேனேஜர் ஒரு டஜன் பந்தையும் பேனாவையும் என் மடியில கொட்டி, 'போடுடா ஆர்வில்'னுட்டுப் போயிடுவார். வெளியே சுத்துற அத்தனை டோலிவர் பந்தும் நான் போட்டதுதான். இதோ பாரு, வால் நடுங்குது. இது பஸ்ஸுல போறப்போ போட்டது. அந்த ரோடு அவ்வளவு மோசம்."

வட்டத்து உறுப்பினர்கள் ஒவ்வொருவராக டையைத் தளர்த்தினார்கள்.

ரூடியின் முகம் தொங்கிப்போனது. "அப்போ நீங்க சொன்னது சரிதான், மிஸ்டர் ஹானக்," என்றார் மெல்ல. "போலிதான்."

லெஸ்டருக்கு அந்த நொடியில் என்ன ஆனதென்று அவராலேயே சொல்ல முடியாது. நெஞ்சில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்த கல் எழுந்து போனது. எந்த டோலிவரும் ரொட்டியோடு போகவில்லை! போனது இந்தக் கிழவரின் கையெழுத்து. இருபத்திரண்டு வருடமாகத் தான் கண்ணில் ஒற்றிக்கொண்டது சட்டை துவைத்தவரின் எழுத்து. ஊருக்கே லென்ஸ் பிடித்த தானும் ஒரு முட்டாள், ரூடியும் ஒரு முட்டாள், இருவரும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குக் கீழே நிற்கும் இரண்டு பழைய முட்டாள்கள். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாக, ரூடியின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பிடித்துக்கொண்டார்.

"டேய் ரூடி, நான் ஒரு கழுதைடா. உன்னை வெளியே அனுப்பினேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும். இன்னும் ஒண்ணு சொல்லணும்..."

"என்னடா?" என்றார் ரூடி. அந்த 'டா' லெஸ்டரின் காதில் தேனாக விழுந்தது.

"என் பந்து..."

"கொஞ்சம் சும்மா இருங்க தம்பி," என்றார் ஆர்வில்.

அவர் கையில் இப்போது இருந்தது லெஸ்டரின் பந்து. கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. சுழிப்பைக் கட்டைவிரலால் ஒரு தடவை தொட்டார். மறுபடி தொட்டார்.

"இது என் கை இல்லையே."

நடீன் கணவரின் முழங்கையை இறுகப் பிடித்தாள். லெஸ்டர் ரூடியின் தோளை விடவில்லை. சொல்லியே தீர்வது என்று தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் டக்கட், அதைப் போட்டது..."

கிழவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவர் கண்கள் நிரம்பியிருந்தன. பந்தை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"ஊரை விட்டுப் போற அன்னிக்கு டோலிவர் சொன்னான், 'ஒண்ணாவது நானே போட்டுட்டுத்தான் போவேன் ஆர்வில்'னு. நான் நம்பவே இல்லை. மோந்து பாருங்கடா, மீன் பிடிச்ச கையோடவே போட்டிருக்கான்!"